மூன்று கோர் கேபிளும் ஓர் இஞ்ச் பைப்பும்

“கேபிளுக்குத்தான் மேலுறை இருக்கிறதே, அதற்குப் பைப் எதற்கு? பைப் இருக்கிற இடத்தில் மேலுறை எதற்கு?” எங்கள் வீட்டு மின்வேலைகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் கம்பியாள் அண்ணன் எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிற மாதிரி இப்படிக் கேட்டார். தம்பி மின்சார கார் வாங்கியிருந்தான். திருச்சி வீட்டில் கார் நிற்பது பின்பக்கச் சந்தைப் பார்த்திருக்கும் கொட்டகையில். மெயின் போர்டு இருப்பதோ கூடத்து மாடிப்படிக்குக் கீழே. நடுவில் ஏறத்தாழ 22 மீட்டர் தூரம். அதற்கு மேலுறையுள்ள மூன்று கோர் கேபிளை, அதாவது ஒரே உறைக்குள் மூன்று வயர் உள்ள கேபிளை, பைப்புக்குள் இழுக்கப்போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊர்களில் இந்த இரண்டும் இரண்டு தனி மரபுகளாகவே வளர்ந்தன. பழைய வீடுகளின் சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் தகரக் கிளிப் போட்டுக் கேபிளைப் படுக்கவைத்திருப்பார்கள். அந்தக் கேபிள் வெளியே தெரியும். அதனால் அதற்கு மேலுறை வேண்டும். முதலில் ரப்பர் உறை, பிறகு பிவிசி உறை. பின்னால் சுவரில் காடி எடுத்துப் பைப்பைப் புதைக்கும் வழக்கம் வந்தது. பைப்பே உறையாகிவிட்டதால் உள்ளே தனித்தனி ஒற்றை வயர்கள் போதும் என்றானது. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று சுருள்களைச் சேர்த்து இழுத்தே பழகிய கைக்கு, ஏற்கெனவே உறைக்குள் இருக்கும் மூன்று வயரை மறுபடி ஒரு குழாய்க்குள் திணிப்பது வீண்வேலையாகத்தான் தெரியும்.

வழி முழுவதும் ஒரே பைப்பாக இருந்திருந்தால் நானும் ஒற்றை வயரைத்தான் இழுத்திருப்பேன். எங்கள் வழி அப்படி இல்லை. வீட்டைப் புதுப்பித்தபோது பின்னால் உதவும் என்று கொத்தனாரிடம் சொல்லி ஒரு 25 மி.மீ. பைப்பை வெறுமனே புதைத்துவைத்திருந்தோம். அது மெயின் போர்டிலிருந்து சுவரில் ஏறி, கூரையில் ஓடி, சமையலறைப் பரணில் வெளியே வருகிறது. சுமார் 7 மீட்டர். பரணில் பைப் கிடையாது. வெண்கலப் பானைகளுக்குப் பின்னால் ஆறேழு அடி திறந்தவெளி. பிறகு சுவரைத் துளைத்து வெளியே போய், மேற்குச் சுவரில் 10 மீட்டர் ஓட வேண்டும். கடைசியில் கொட்டகையின் சட்டங்களோடு இன்னும் கொஞ்சம். ஒற்றை வயராக இருந்தால் பைப் முடிகிற ஒவ்வோர் இடத்திலும் அடுத்த பைப் தொடங்கியாக வேண்டும். இல்லையென்றால் பெட்டி வைத்து வேறு கேபிளோடு இணைப்புப் போட வேண்டும். பல மணி நேரம் முழுச் சுமையில் ஓடுகிற ஒரு மின்சுற்றில் தேவையற்ற இணைப்பு எதுவும் எனக்கு வேண்டாம். மேலுறையுள்ள கேபிள் என்றால் பைப்புக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து, போர்டிலிருந்து சாக்கெட்வரை ஒரே துண்டாகப் போகும். அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். “பைப் இடம் கொடுத்தால் போடுங்கள்” என்றார். அவர் சொன்னது போலவே எல்லாவற்றையும் கடைசியில் அந்தப் பைப்தான் முடிவு செய்தது.

கடையில் முதலில் நீட்டியது நீர்மூழ்கி மோட்டாருக்குப் போடும் தட்டைக் கேபிள். மூன்று கோர், கனமான உறை, தண்ணீரிலேயே கிடக்கும், விலையும் கட்டும் என்றார் கடைக்காரர். இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்றேன். முதலாவது நிறம். அதன் கோர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றும் மும்முனை மோட்டாருக்கான பேஸ்கள். எர்த்துக்கான பச்சை அதில் கிடையாது. நீலத்துக்குப் பச்சை டேப் சுற்றி எர்த் ஆக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இன்னும் பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் என்ன நினைப்பார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. இரண்டாவது வடிவம். தட்டைக் கேபிள் ஒரு திசையில்தான் வளையும். புதைத்த பைப் முதல் வளைவில் செங்குத்திலிருந்து கிடையாகவும், அடுத்த வளைவில் இடப்பக்கமாகவும் திரும்பினால் தட்டைக் கேபிள் நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பைப் அளவைக் கணக்கிடும்போது அகலமான பக்கத்தையே விட்டமாக எடுக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

ஆகவே வட்டமான மூன்று கோர் கேபிள், சிவப்பு, கறுப்பு, பச்சை, ஐ.எஸ். 694 முத்திரையோடு. அடுத்த கேள்வி எத்தனை ஸ்கொயர், அதாவது தாமிரத்தின் குறுக்குவெட்டு எத்தனை சதுர மி.மீ. என்பது.

இங்கேதான் மேலுறைக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கேபிளில் பிறக்கும் சூடு முதலில் உறையைக் கடக்க வேண்டும், பிறகு பைப்புக்குள் நிற்கும் காற்றை, பிறகு பைப்பை, பிறகு சுவரை. பன்னாட்டு வயரிங் நெறிமுறையான ஐ.இ.சி. 60364 இதை அட்டவணையாகவே போட்டிருக்கிறது. பிவிசி காப்பு, தாமிரம், சுற்றுப்புறம் 30 டிகிரி, ஒருமுனை மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், 4 ஸ்கொயர் கேபிளைச் சுவர்மேல் வெளிப்படையாகக் கிளிப் அடித்தால் 36 ஆம்பியர் தாங்கும். அதே 4 ஸ்கொயரில் ஒற்றை வயர்களைப் பைப்புக்குள் போட்டால் 32. மேலுறையுள்ள கேபிளைப் பைப்புக்குள் போட்டால் 30. 6 ஸ்கொயருக்கு இதே வரிசை 46, 41, 38. பைப் வைத்ததால் பெரிய இழப்பு, அதற்குள் மேலுறையும் சேர்வதால் சிறிய இழப்பு. மேலுறையோடு பைப்புக்குள் போட்டால் கேபிள் வெந்துவிடும் என்று பயமுறுத்துவதும் தவறு, ஒன்றும் ஆகாது என்று தட்டிக்கழிப்பதும் தவறு என்று இந்த எண்களே சொல்கின்றன.

30 டிகிரி என்பது திருச்சிக்குப் பொருந்தாது. 40 டிகிரிக்கு 0.87 ஆல் பெருக்க வேண்டும். 45 டிகிரிக்கு 0.79. மேற்குச் சுவரில் மே மாதத்து மாலை நான்கு மணியை நினைத்துக்கொண்டால் 45 கூட மிகையில்லை. அப்போது 4 ஸ்கொயர் 23 ஆம்பியருக்குச் சற்று மேலும், 6 ஸ்கொயர் 30 ஆம்பியரும்தான் தாங்கும். காரோடு வந்த சார்ஜர் 3.3 கிலோவாட், 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது. சுவரில் மாட்டுகிற பெரிய சார்ஜர் வாங்கினால் 32 ஆம்பியர். தம்பிக்குப் பெரியது மேல் ஆசை. மேலுறையோடு 6 ஸ்கொயர் இழுத்தாலும் வெயில் காலத்தில் 32 ஆம்பியருக்கு அது போதாது என்று கணக்கைக் காட்டினேன். இஸ்திரிப்பெட்டி மாதிரி விட்டுவிட்டு ஓடுகிற சுமையாக இருந்தால் கண்டும் காணாமல் விடலாம். கார் சார்ஜர் மணிக்கணக்கில் ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும்.

அதோடு பைப்பின் கொள்ளளவு வேறு. கடையிலேயே காலிபர் வைத்து அளந்தேன். 4 ஸ்கொயர் மூன்று கோர் கேபிளின் வெளிவிட்டம் 12 மி.மீ. அளவுக்கு வந்தது, 6 ஸ்கொயர் பதினான்கரையைத் தொட்டது. தயாரிப்பைப் பொறுத்து இது மாறும் என்பதால் வாங்குகிற சுருளையே அளப்பது நல்லது. 25 மி.மீ. பைப் என்பதில் 25 வெளிவிட்டம். உள்ளே ஏறத்தாழ இருபத்தொன்றரைதான் கிடைக்கும். பரப்பளவைக் கணக்கிட்டால் 4 ஸ்கொயர் கேபிள் பைப்பின் 31 சதவீதத்தை அடைக்கிறது. 6 ஸ்கொயர் 45 சதவீதம். முக்கால் இஞ்ச் பைப்பாக, அதாவது 20 மி.மீ. ஆக இருந்திருந்தால் 4 ஸ்கொயரே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: 6 ஸ்கொயர் ஒற்றை வயர் மூன்றை அதே 25 மி.மீ. பைப்பில் போட்டால் அடைப்பு 16 சதவீதம் அளவில்தான். பைப்புக்குள் இடம் என்று பார்த்தால் ஒற்றை வயருக்குப் போட்டியே இல்லை. இதில் அண்ணன் சொன்னதுதான் சரி.

இணையத்தில் இதைப்பற்றித் தேடினால் அமெரிக்க விதிகள்தான் முன்னால் வந்து நிற்கும். அங்கே ஒரே கேபிள் என்றால் 53 சதவீதம், இரண்டு என்றால் 31, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40 என்று வரம்பு. இரண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று முதலில் எனக்கும் குழப்பம். இரண்டு வட்டக் கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முட்டை வடிவமாகிவிடுகின்றன. வளைவில் அந்த நீளமான பக்கம் பைப்போடு இறுகிக்கொள்கிறது. மூன்று இருந்தால் மறுபடி வட்டத்துக்குக் கிட்டே வருகிறது. இன்னொரு அமெரிக்க விதி, வெளிச்சுவரில் இருக்கும் பைப்பின் உட்புறத்தையும் நனைகிற இடமாகவே கருத வேண்டும் என்பது. அதனால் அவர்கள் வீட்டுக்குள் ஓடவிடும் காகிதம் சுற்றிய மேலுறைக் கேபிளை வெளிப்பைப்புக்குள் போடக் கூடாது. நம் பிவிசி கேபிள் வேறு ரகம். அந்தத் தடையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் வெளிப்பைப்புக்குள் தண்ணீர் இருக்கும் என்ற எண்ணம் நமக்கும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிவு: 4 ஸ்கொயர் கேபிள், 16 ஆம்பியர் சாக்கெட், சுமை மீறினால் தானே அணையும் 20 ஆம்பியர் எம்சிபி. இரவு ஒன்பது மணி நேரம் செருகிவைத்தால் 30 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஏறிவிடும். தம்பியின் அன்றாட ஓட்டம் அதில் கால்வாசிகூட இல்லை.

புதைத்த பைப்பில் வேலை தொடங்கியது. மெயின் போர்டுப் பக்கத்திலிருந்து ஊதினால் பரணில் காற்று வரவில்லை. பரண் முனையை மூடாமல் விட்டிருந்ததால் குளவி மண் வைத்துக் கட்டியிருந்தது. கம்பியால் குத்தி உடைத்து, தூசு உறிஞ்சும் இயந்திரத்தை ஒரு முனையில் வைத்து இழுத்தபோது மண்ணோடு காய்ந்த சிமெண்ட் துணுக்குகளும் வந்தன. பிறகு பழைய துணியை உருட்டிக் கம்பியில் கட்டி, பைப் முழுவதும் ஒருமுறை இழுத்தேன். இந்தத் துணி எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று கையில் தெரியும்; கேபிள் அகப்பட்டுக்கொள்ளப்போகிற இடத்தை அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எங்கள் பைப்பில் இரண்டு இடங்கள், இரண்டும் போர்டுக்குப் பக்கத்தில்: சுவரிலிருந்து கூரைக்குத் திரும்பும் வளைவு, அங்கிருந்து சமையலறைப் பக்கம் திரும்பும் வளைவு. நல்லவேளையாகக் கொத்தனார் காலத்திலேயே சட்டென்று திரும்பும் எல்போ போடாமல் அகலமாக வளையும் நீள் பெண்ட் போட்டிருந்தார்கள். எல்போவாக இருந்தால் 12 மி.மீ. கேபிள் அந்த மூலையில் திரும்பவே திரும்பியிருக்காது. இந்த மாதிரிக் கேபிளை அதன் விட்டத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு ஆரத்தில்தான் வளைக்கலாம்; ஆறு மடங்கு இருந்தால் நிம்மதி.

எந்த முனையிலிருந்து இழுப்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இழுக்கும் வசதியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். பரண்மேல் ஏறிக் குந்திக்கொண்டு இழுப்பதைவிடக் கூடத்தில் நின்று இழுப்பது சுகம்தான். ஆனால் வளைவுகள் போர்டுப் பக்கம் இருக்கும்போது போர்டிலிருந்து கேபிளைக் கொடுத்து, பரணிலிருந்து இழுப்பதுதான் சரி. காரணம், வளைவில் உராய்வு கூட்டல் கணக்காக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உலர்ந்த பிவிசி மேல் பிவிசி, உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு கால்வட்ட வளைவைக் கடக்கும்போது இழுவிசை இரண்டு மடங்குக்கு மேலாகிறது. இரண்டு வளைவைக் கடந்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வளைவுக்குள் நுழையும்போது கேபிளில் எவ்வளவு இழுவிசை இருக்கிறதோ அதைத்தான் அது பெருக்கும். வளைவுகள் கேபிள் நுழையும் முனையில் இருந்தால் பெருக்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. அதிலும் போர்டுப் பக்கம் ஒருவர் நின்று கையால் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் வளைவுக்குள் போகும் இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யம். மறுமுனையிலிருந்து இழுத்தால் மொத்தக் கேபிளின் இழுவையும் சேர்ந்த பிறகு அந்த இரண்டு வளைவும் வரும்.

உராய்வைப் பாதியாக்கினால் இரண்டு வளைவின் பெருக்கம் ஐந்திலிருந்து இரண்டுக்குச் சற்று மேல் என்று இறங்கிவிடுகிறது. அதற்குத்தான் பவுடர். கேபிள் ஜெல் என்று தனியாகவே விற்கிறார்கள். எங்களுக்கு வீட்டிலிருந்த முகப்பவுடரே போதுமானதாக இருந்தது. தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டையும் பக்கத்தில் விடக் கூடாது. முதலில் வழவழவென்று போகும். நாளடைவில் பிவிசியை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளை உறிஞ்சி உறையைக் கெடுத்துவிடும்.

பரணிலிருந்து ஸ்பிரிங்கை, அதாவது கேபிளைக் கட்டி இழுக்கும் நீண்ட கம்பியை, உள்ளே விட்டோம். போர்டில் அது தலைகாட்டியதும் கேபிள் நுனியைத் தயார்செய்தேன். மேலுறையை ஒரு சாண் அளவுக்கு உரித்து, மூன்று கோர்களையும் ஒரே இடத்தில் நறுக்காமல் படிப்படியாக வெவ்வேறு நீளத்தில் நறுக்கி, மிக நீளமான கோரின் தாமிரத்தை ஸ்பிரிங்கின் கண்ணில் கோத்து மடக்கிச் சுற்றி, டேப்பைப் பேனா முனைபோல் சரிவாகச் சுற்றினேன். இந்தத் தலை தடித்துப்போனால் மற்ற எந்தக் கணக்கும் உதவாது. அண்ணன் பரணில், நான் போர்டில். “விடுங்கள்”, “நிறுத்துங்கள்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சுருளிலிருந்து கேபிளை வளையம் வளையமாகத் தூக்கிப் போட்டால் முறுக்கு அப்படியே உள்ளே போகும்; ஆகவே சுருளை ஒரு கடப்பாரையில் மாட்டிச் சக்கரம்போல் சுழலவிட்டோம். முழு 22 மீட்டரும் அந்த இரண்டு வளைவைக் கடந்து பரணில் போய்க் குவிந்தது. அண்ணன் ஒற்றைக் கையாலேயே இழுத்துக்கொண்டிருந்தார். முக்கால் இஞ்ச் பைப்பாக இருந்திருந்தால் இரண்டு பேர் தொங்கியிருப்போம் என்று அவரே சொன்னார்.

பரணில் கேபிளைச் சுவரோரமாகக் கிளிப் அடித்து, பாத்திரங்கள் உரசாதபடி உயரமாகக் கொண்டுபோனேன். இங்கே மேலுறை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, பைப் வேண்டியதில்லை. அடுப்புக்கு நேர்மேலே மட்டும் போகாமல் தள்ளிவைத்தேன்.

வெளிச்சுவரில் பைப் வேண்டுமா என்பதில் வீட்டிலேயே கருத்து வேறுபாடு. கறுப்பு மேலுறையுள்ள கேபிளை நேராகவே கிளிப் அடித்தால் 36 ஆம்பியர் கணக்கு கிடைக்கும், வெள்ளைப் பைப் சுவரில் அசிங்கமாகத் தெரியாது என்பது அம்மாவின் கட்சி. அணில்தான் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கொல்லையில் இரண்டு மாமரங்கள். போன வருடம் கேமரா கேபிளை அணில் கடித்துத் தாமிரம் தெரிய வைத்திருந்தது. 230 வோல்ட் கேபிளை அதன் பல்லுக்கு விட மனம் வரவில்லை. சன்ஷேடுக்கு அடியிலேயே பைப்பை ஓடவிட்டேன். நேர் வெயில் குறைந்தால் பைப்பும் பல காலம் நிற்கும், கேபிளும் குளிர்ச்சியாக இருக்கும். பைப் ஐ.எஸ். 9537 முத்திரையிட்ட நடுத்தர ரகம்; மெல்லிய ரகத்தை வெளிச்சுவரில் போட்டால் ஏணி சாய்ந்தாலே நசுங்கும்.

பிவிசி பைப் வெயிலில் நீளும் என்பதை மறந்து பலர் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மீட்டருக்கு, டிகிரிக்கு 0.07 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் பைப் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் 2 செ.மீ. நீள்கிறது. இரண்டு முனையையும் இறுக்கினால் நடுவில் வில்லாக வளைந்து, சுவரோடு பிடித்திருக்கும் சேடில்களைப் பிடுங்கும். ஆகவே இரண்டு பைப்பைச் சேர்க்கும் ஒரு கப்ளரில் மட்டும் பசை போடாமல், ஒரு பக்கம் உள்ளே நகர இடம்விட்டு வைத்தேன். சேடில்கள் இரண்டடிக்கு ஒன்று, பைப் நழுவும் அளவுக்குத் தளர்வாக.

மற்ற இணைப்புகளில் பசை போட்டோம். பசை முழுக்கக் காயும்வரை கேபிளை உள்ளே விடவில்லை. பைப்பின் பிவிசியைக் கரைத்து ஒட்டுகிற அதே கரைப்பான் கேபிளின் மேலுறையையும் கரைக்கும். ஈரமான கப்ளருக்குள் கேபிள் போனால் அங்கேயே ஒட்டிக்கொண்டு, பின்னால் ஒருநாள் மாற்ற நினைத்தால் வராது. பசையைக் கப்ளருக்குள் தடவாமல் பைப் முனையில் மட்டும் மெல்லிசாகத் தடவுவதும் இதற்காகத்தான். உள்ளே தடவினால் தள்ளும்போது வளையமாக முன்னால் வழிந்து கேபிள் பாதையில் மேடாகக் காய்ந்து நிற்கும்.

தண்ணீர் விஷயம். எவ்வளவு மூடினாலும் வெளிப்பைப்புக்குள் ஈரம் சேரும். பகலில் சூடேறி இரவில் குளிரும் காற்று உள்ளே வியர்க்கும். அதை அடைக்க முயல்வதைவிட வெளியேற்றுவது எளிது. சுவர்த் துளையை வெளிப்பக்கம் சரிவாகத் துளைத்து, வீட்டுக்குள் போகும் முனையில் கேபிளைச் சுற்றி சிலிக்கான் வைத்தேன். வெளிப்பைப் முழுவதும் கொட்டகைப் பக்கம் லேசாகச் சரிகிறது. ஆகத் தாழ்ந்த இடத்தில் அடிப்புறமாக 4 மி.மீ. துளை ஒன்று, கேபிள் இழுப்பதற்கு முன்பே போட்டது. மேலுறையின் உண்மையான பயன் இங்கேதான். ஒற்றை வயரின் ஒரே படலக் காப்பு ஈரத்தில் கிடப்பதற்கும், அதற்குமேல் இன்னொரு கனமான படலம் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் இது மண்ணுக்குள் புதைப்பதற்கான கேபிள் அல்ல. முற்றத்தைத் தோண்டிக் கொண்டுபோக வேண்டிய வழியாக இருந்திருந்தால் கவசம் போட்ட கேபிளுக்குத்தான் போயிருப்பேன்.

கொட்டகையில் கார் உரசக்கூடிய உயரத்தில், சாக்கெட்டுக்கு இறங்கும் கடைசி நான்கடிக்கு மட்டும் ஜி.ஐ. பைப். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்து, இரண்டு முனையிலும் புஷ் மாட்டி, பைப்பையே எர்த்தோடு சேர்த்தோம். இரும்புப் பைப்பில் பேஸ் ஒரு குழாயிலும் நியூட்ரல் வேறு குழாயிலும் போனால் குழாய் சூடேறும். மூன்று கோரும் ஒரே உறைக்குள் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

இதற்கிடையில் பக்கத்துத் தெருவுக்கு நெட் இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் எங்கள் புதுப் பைப்பைப் பார்த்துவிட்டு, “உள்ளே இடம் நிறைய இருக்கிறதே, நெட் வயரையும் விட்டுவிடலாமா?” என்றார். கேபிளுக்கு மேலுறை இருப்பதால் ஆபத்தில்லை என்ற அவருடைய வாதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. மின்கேபிள் பைப்பில் தகவல் கேபிளுக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இடையூறு ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் அந்த வயரைப் பிடித்து இழுக்கும்போது என் கேபிளின் உறையைத்தான் அது அறுக்கும்.

இரண்டு முனையையும் இணைப்பதை அண்ணனிடமே விட்டேன். பைப் பதித்ததிலும் கேபிள் இழுத்ததிலும் நானும் கைகொடுத்தேன். மெயின் போர்டைத் தொடுவது தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரின் வேலை. கொட்டகைப் பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுகப் பிடிக்க பிஜி 16 கிளாண்ட். 10 முதல் 14 மி.மீ. வரை பிடிக்கும். ஒற்றை வயராக இருந்திருந்தால் கிளாண்ட் இறுகிப் பிடிக்க எதுவும் இருந்திருக்காது. மேலுறை பெட்டிக்குள் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும்படி உரித்தோம். பெட்டிக்கு வெளியே கோர்கள் நிர்வாணமாகத் தெரிகிற இணைப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நூலிழைத் தாமிரம் என்பதால் ஒவ்வொரு முனையிலும் லக் என்ற உலோக முனையை வைத்து நசுக்கினார் அண்ணன். ஈயம் பற்றவைத்து முனையை இறுக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து திருகு தளர்ந்துபோகும், அப்புறம் அங்கே சூடு. சாக்கெட் சாதாரண 16 ஆம்பியர் வெள்ளைச் சாக்கெட் அல்ல, நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். மணிக்கணக்கில் ஓடும் 16 ஆம்பியரில் வெள்ளைச் சாக்கெட்டுகள் பழுப்பாகி உருகியதைப் பார்த்திருக்கிறேன். போர்டில் இந்தச் சுற்றுக்கென்றே, மின்கசிவு கண்டால் துண்டிக்கும் தனி ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. வீட்டில் ஏற்கெனவே இருப்பது டைப் ஏசி. கார் சார்ஜரிலிருந்து கசியக்கூடிய துடிப்புள்ள நேர்மின்னோட்டத்தை அது கவனிக்காது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தோம். குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். புதுக் கேபிளில் முள் கடைசிவரை ஓடியது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இப்படி வந்தால் இழுக்கும்போது உறை கிழிந்து காப்பு அறுபடவில்லை என்று நம்பலாம். எர்த் கோரின் தடை 0.1 ஓமுக்குச் சற்று மேல். கணக்குப்படி 22 மீட்டர் 4 ஸ்கொயருக்கு 0.11 வர வேண்டும்.

காரைச் செருகி இரவில் பார்த்தபோது போர்டில் 231 வோல்ட், கொட்டகையில் 227. எதிர்பார்த்த இறக்கம்தான். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பரணில் திறந்திருக்கும் கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும். அதே கேபிள் புதைத்த பைப்பிலிருந்து வெளியே வரும் இடத்தில் அதைவிடச் சூடு சற்றுக் கூடுதல். கைக்கே வித்தியாசம் தெரிந்தது. முதல் மாதம் முடிந்ததும் அண்ணன் வந்து எல்லா முனைத் திருகுகளையும் மறுபடி முறுக்கினார். சாக்கெட்டின் நியூட்ரல் திருகு மட்டும் கால் சுற்று ஏற்றுக்கொண்டது. தம்பி இன்னும் 32 ஆம்பியரை விடவில்லை. அதற்கு 10 ஸ்கொயர் கேபிளும் 40 மி.மீ. பைப்பும் தனி வழியும் வேண்டும், சுவரில் காடி எடுக்கும் செலவு அவனுடையது என்று சொல்லியிருக்கிறேன்.